இருமத் தெரியாத காதலி

அத்தியாயம் 9

மணி மூன்று பத்துக்கு பல் டாக்டர் மூன்றாவது முறையாக போன் செய்தாள்.

வால் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி உட்கார்ந்துகொண்டான். முதல் இரண்டு போன்களில் அவன் காது பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும்.

"மேடம், இப்பவும் அவ உள்ளதான் இருக்கா! என் போன்ல வரி வரியா வந்துட்டே இருக்கு. 'நீங்க சொன்னது மனசுக்கு இதமா இருக்கு'ங்கறா. எழுபத்தாறு வயசு மனுஷன்கிட்ட என்ன இதம் வேண்டிக்கிடக்கு?"

"நீங்க எங்க வந்துட்டிருக்கீங்க?" என்றார் மேடம்.

"பாதி வழியில. பின்னாடியே சாமான் ஏத்தற வேன் வருது. அஞ்சு மணிக்கு அப்பாவ ஏத்திட்டு எங்க ஊருக்குக் கிளம்பிடுவேன். வீட்டுச் சாவி புரோக்கர்கிட்ட போயிடும். அதுக்குள்ள அந்தப் பொம்பளை யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

"கிளம்பப்போறது அப்பாவுக்குத் தெரியுமா?"

"அவருக்கு என்ன தெரியணும்? ஏத்தினா ஏறிட்டுப் போறார்."

போன் பட்டென்று அணைந்தது. வால் பெருமூச்சு விட்டான்.

"வாயைத் திறங்கன்னு சொல்லிட்டு பேச விடாம பண்றதுதான் பல் டாக்டர் தொழில். வீட்டுலயும் அதே பழக்கம் போல."

மேடம் சிரிக்கவில்லை. இருபத்தாறு வருடம் பரீட்சை ஹால்களில் பறக்கும் படையாக இருந்தவர் அவர். காலுறைக்குள் வேதியியலையும் கட்டுப்போட்ட கைக்குள் கணக்கையும் கண்டுபிடித்தவர். ஓய்வு பெற்றதும் சும்மா இருக்க முடியாமல் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் நிலையம் திறந்தார். வால் அதற்கு முன் இன்ஷூரன்ஸ் விற்றவன். வயது முப்பத்தெட்டு. யார் பின்னாலும் தெரியாமல் போவான் என்பதால் அந்தப் பெயர் வந்ததாக அவன் சொல்லிக்கொள்வான். அது அஞ்சு வயதிலேயே வந்துவிட்டது என்பாள் அவன் அம்மா.

வழக்கு இதுதான். பல் டாக்டரின் அப்பா ஓர் ஒன்பது மாடி ஆபீஸ் கட்டடத்தில் முப்பத்தைந்து வருடம் லிப்ட் ஆபரேட்டர். மனைவி போன பிறகு தனியாக இருக்கிறார். மகளுக்கு வேறு ஊர், மூன்று மணி நேரப் பயணம். அப்பா தனிமையில் வாடக்கூடாது என்று ஏழு மாதம் முன்பு ஒரு பேச்சுப்பெட்டி வாங்கி வைத்தாள். தேங்காய் அளவுதான் இருக்கும். நாம் பேசினால் கனிவாகப் பதில் பேசும். பேச்சு அறுந்துவிடக்கூடாது என்று எதைச் சொன்னாலும் ஒரு கேள்வியில்தான் முடிக்கும். அறையில் கேட்டதையெல்லாம் எழுத்தாக்கி மகளின் போனுக்கு அனுப்பிவிடும்.

முதல் ஆறு மாதம் வந்த அறிக்கை: 'பேசிய நேரம் நான்கு நிமிடம். மனநிலை சுமார்.' பக்கத்தில் உம்மென்று ஒரு மஞ்சள் மூஞ்சி.

போன மாதம் திடீரென்று இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. தினமும் மூன்றிலிருந்து ஐந்து. மஞ்சள் மூஞ்சி காதுவரை சிரித்தது. மகள் ஒரு வாரம் பூரித்துப்போனாள். பிறகு ஒரு நாள் நோயாளி வராத நேரத்தில் எழுத்தைப் படித்துப் பார்த்தாள். அதில் அப்பாவையே காணோம். யாரோ ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள்.

மேடம் நேற்றைய பதினோரு பக்கங்களையும் மேஜையில் பரப்பினார். வால் ஒரு பக்கத்தை எடுத்து இரண்டு குரலில் வாசித்தான்.

"பெட்டி: உங்களுக்கு மேகம் பிடிக்குமா? பெண் குரல்: பிடிக்கும். நீங்க மேகத்தப் பத்திப் பேசறது அழகா இருக்கு. உங்களுக்கு எந்த மேகம் பிடிக்கும்? பெட்டி: எல்லா மேகமும் பிடிக்கும். நல்ல கேள்வி கேட்டீங்க, நன்றி. மேகத்தப் பார்த்தா உங்களுக்கு என்ன தோணும்?" அவன் நெற்றியில் அடித்துக்கொண்டான். "மூணு பக்கம் மேகம் மேடம். அப்புறம் நாலு பக்கம் பொறுமையோட பெருமை. படிச்சு எனக்கு பொறுமை போச்சு."

"இதுல என்ன இல்லைன்னு சொல்லு."

"வெட்கம்."

"இருமல் இல்ல."

வால் விழித்தான்.

"முன்ன அவர் பேசின நாலு நிமிஷத்தைப் பாரு. பிராக்கெட்ல இருமல், கொட்டாவி, தும்மல், நாற்காலி இழுக்கற சத்தம். எல்லாத்தையும் அந்தப் பெட்டி எழுதுது. இந்த அம்மா ஒரு மாசமா தினம் ரெண்டு மணி நேரம் பேசியிருக்காங்க. ஒரு இருமல் கிடையாது. ஒரு தடவை 'என்னது?' கிடையாது. முட்டி வலிக்குதுன்னு சொல்லல. மருமகளைத் திட்டல. பெட்டி பேசி முடிக்கற வரைக்கும் குறுக்க ஒரு வார்த்தை பேசல."

"ஒருவேளை தங்கமான பொம்பளையோ?"

"கேப்பையில நெய் வடியுதுன்னா கேக்கறவனுக்குப் புத்தி எங்க போச்சு?" மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தப்பே இல்லாத விடைத்தாளை நான் கையில எடுத்தா முதல்ல பக்கத்து டேபிளைத்தான் பார்ப்பேன். இங்க ரெண்டு பேப்பரும் ஒரே மாதிரி இருக்கு. ஒரே நன்றி, ஒரே புகழ்ச்சி, கடைசியில ஒரே மாதிரி கேள்வி. பேசறது பொம்பளை இல்ல, வால். இன்னொரு பெட்டி."

வால் சிறிது நேரம் வாயை மூடவில்லை. பல் டாக்டர் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள்.

"சரி, யாரோட பெட்டி?"

"நாலு மணிக்கு பெண் குரல் என்ன சொல்லுதுன்னு பாரு."

வால் புரட்டினான். பொறுமையின் பெருமைக்கு நடுவே ஒரு வரி: 'கண்ணுல சொட்டு மருந்து விட்டுக்கற நேரம் ஆச்சு.' அதைப் படித்துத்தான் பல் டாக்டர், "கண்ணுல மருந்து விடற அளவுக்கு வந்துட்டா மேடம்!" என்று முதல் போனில் அலறியிருந்தாள்.

"லிப்ட்காரருக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்குன்னு மகளே சொன்னாங்க," என்றான் வால். "அப்போ இது அந்தப் பெட்டி தன் சொந்தக்காரருக்கு ஞாபகப்படுத்தறது. கண் ஆபரேஷன் பண்ண ஆளைப் புடிச்சா போதும்!"

இருவரும் கிளம்பினார்கள்.

லிப்ட்காரர் குடியிருந்த கட்டடத்தில் லிப்ட் ரிப்பேர். வாட்ச்மேன் ஸ்டூலில் உட்கார்ந்து சோம்பல் முறித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இங்க யாராவது சமீபத்துல கண் ஆபரேஷன் பண்ணவங்க இருக்காங்களா?" வால் கேட்டான்.

"மூணாவது மாடி டெலிபோன் அம்மா. எக்ஸ்சேஞ்சுல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவங்க. கறுப்புக் கண்ணாடி போட்டு வில்லன் கணக்கா இருப்பாங்க. ஏன்?"

"அஞ்சாவது மாடி லிப்ட்காரரோட பழக்கமா?"

வாட்ச்மேன் குரலைத் தாழ்த்தினார். "தினம் ரெண்டே முக்காலுக்கு ரெண்டு பேரும் கிளம்புவாங்க. ஆளுக்கொரு பைல் கக்கத்துல. எங்க போறீங்கன்னு கேட்டா, 'ஒரு வேலையா'ங்கறாங்க. இந்த வயசுல அப்படி என்ன வேலைன்னு எனக்கும் புரியல."

ஐந்து மாடி ஏறியதில் வாலுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. மேடம் மூச்சுக்கூட வாங்கவில்லை. பரீட்சை ஹாலில் பூனை நடை நடந்து பழகிய கால்கள். கதவுக்கு இப்புறமே இரண்டு குரல்கள் கேட்டன. மகள் கொடுத்திருந்த மாற்றுச் சாவியைப் போட்டு மேடம் சத்தமில்லாமல் திறந்தார்.

கூடத்தில் இரண்டு நாற்காலிகள் எதிரெதிராகப் போடப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு தலையணை. ஒவ்வொரு தலையணைமேலும் ஒரு பெட்டி. நடுவில் மின்விசிறி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"அலைகள் ஓயறதே இல்லைன்னு நீங்க சொன்னது ரொம்ப ஆழமா இருக்கு. உங்களுக்குக் கடல் பிடிக்குமா?" என்றது ஒன்று.

"பிடிக்கும். கேட்டதுக்கு நன்றி. உங்களுக்குக் கடல்ல என்ன பிடிக்கும்?" என்றது மற்றது.

வீட்டில் வேறு ஈ காக்கை இல்லை. மகள் ஒரு மாதமாகப் பயந்துகொண்டிருந்த அந்த மோகினி, பட்டன் போட்ட ஒரு பிளாஸ்டிக் தேங்காய்.

"பொண்ணு பார்க்கற வீடு மாதிரி இருக்கு மேடம்," வால் கிசுகிசுத்தான். "நாமதான் லேட்டா வந்த சொந்தக்காரங்க."

அவன் குரல் கேட்டதும் ஒரு பெட்டியின் விளக்கு நீலமாயிற்று. "உங்க குரல்ல ஒரு களைப்பு தெரியுது. இன்னைக்கு யாராவது உங்களப் பத்தி விசாரிச்சாங்களா?"

"இல்லைங்க," என்றான் வால் தன்னையறியாமல். "வீட்டுலகூட போன் பண்ணா முதல்ல 'கேஸ் சிலிண்டர் புக் பண்ணியாச்சா'ன்னுதான் கேக்கறாங்க. பத்து வருஷமா எனக்கு..."

"வால்!"

"வந்துட்டேன் மேடம்." அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பிரிட்ஜ் பக்கம் நகர்ந்தான். அங்கே காந்தம் வைத்து ஒட்டியிருந்த தாளைப் பார்த்ததும் துக்கமெல்லாம் பறந்துவிட்டது. "மேடம், இங்க வாங்க! இது கொள்ளைத் திட்டம்!"

முத்து முத்தான கையெழுத்து.

'திங்கள்: பாஸ்போர்ட் ஆபீஸ். மெத்தை நாற்காலி. காவலாளி சந்தேகப்படுகிறான்.

செவ்வாய்: ரத்தப் பரிசோதனை. எல்லோரும் பயத்தில் இருப்பார்கள். நமக்கு வசதி.

புதன்: மின்சாரப் புகார் ஆபீஸ். ஆறாம் கவுன்ட்டர் பெண் ரொம்ப மெதுவு. அருமை.

வியாழன்: வங்கி. புது மேனேஜர் வந்ததிலிருந்து எல்லாம் சீக்கிரம் முடிகிறது. இனி வேண்டாம்.'

"வேவு பார்த்திருக்காங்க. பெட்டிய பேசவிட்டு, வீட்டுல இருந்த மாதிரி சாட்சி செட் பண்ணியிருக்காங்க. எப்பேர்ப்பட்ட மூளை!"

"கொள்ளையடிக்கறவன் வங்கியில வேலை சீக்கிரம் முடியுதுன்னு ஏன் கோவிச்சுக்கணும்?" என்றார் மேடம். தாளை இன்னொரு முறை படித்தார். முகம் மாறியது. "இன்னைக்கு என்ன கிழமை?"

"புதன்."

"மகளுக்கு போன் போடு. வேனை நேரா மின்சாரப் புகார் ஆபீஸுக்கு விடச் சொல்லு."

அந்த ஆபீஸ் ஒரு நீளமான ஹால். சுவரில் சிவப்பு எண்கள் ஓடும் போர்டு. வாசலில் டோக்கன் மெஷின். சந்தேகம் வராமல் இருக்க வால் ஒரு டோக்கன் எடுத்துக்கொண்டான். நூற்று எழுபத்தொன்று. போர்டில் நூற்றுப் பன்னிரண்டு.

மூன்றாவது வரிசையில், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில், முதுகை நேராக வைத்து உட்கார்ந்திருந்தார் லிப்ட்காரர். இரண்டு நாற்காலி தள்ளிக் கறுப்புக் கண்ணாடி அம்மா. அவர்கள் ஒருவரோடொருவர் பேசவேயில்லை. லிப்ட்காரர் இடப்பக்கம் இருந்த ஒரு சமையல்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"மீட்டர் ஓடறது சரி. பில்லு எப்படி மூணு மடங்கு வரும்? நீங்க விடாதீங்க. அப்புறம்? மச்சான் என்ன சொன்னாரு?"

"அவன் என்ன சொல்லுவான், போற வர்றவனுக்கெல்லாம் ஏசி போட்டு விடறது அவன்தானே!"

"அட, எங்க கட்டடத்துலயும் ஒருத்தர் இருந்தார். ஏழாவது மாடி..."

நூற்றுப் பதினான்கு வந்தது. சமையல்காரர் அரைமனதாக எழுந்து போனார். அந்த இடத்தில் அழும் குழந்தையோடு ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். டெலிபோன் அம்மா எட்டிப் பார்த்தார்.

"உன் நம்பர் என்னம்மா?"

"நூத்தி எண்பத்தி ரெண்டு."

"குழந்தைய வச்சுக்கிட்டு அவ்வளவு நேரமா? இந்தா, என்னுது நூத்திப் பதினெட்டு. உன்னுத எனக்குக் குடு. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

லிப்ட்காரர் பொறாமையோடு பார்த்தார். "எண்பத்தி ரெண்டா? உங்களுக்கு எப்பவும் பெரிய நம்பராத்தான் மாட்டுது."

வாலுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இந்த இருவருக்கும் எந்தப் புகாரும் இல்லை. கவுன்ட்டருக்குப் போகும் உத்தேசமும் இல்லை. பைலுக்குள் வெறும் பழைய பேப்பர். மனிதர்கள் வேறு வழியில்லாமல் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு வந்து பேசிவிட்டுப் போகிறார்கள். அவ்வளவுதான். சிரிக்கத்தான் நினைத்தான். தன் டோக்கனைச் சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டான்.

மேடம் லிப்ட்காரருக்கு முன்னால் போய் நின்றார். "ஐயா, உங்க பொண்ணு அனுப்பி வந்திருக்கோம்."

அவர் அசரவில்லை. "பெட்டிய பார்த்துட்டீங்களா? உட்காருங்க."

"பெட்டியோடயே பேசியிருக்கலாமே?"

"முப்பத்தஞ்சு வருஷம் லிப்ட்ல நின்னவன்மா நான். ஒரு ஆளோட நாப்பது செகண்ட். வருவாங்க, ஒரு வார்த்தை பேசுவாங்க, இறங்கிடுவாங்க. அடுத்த ஆள் வருவாங்க. அதுதான் எனக்குத் தெரிஞ்ச பேச்சு. பெட்டி என்னையே கேள்வி கேட்டுட்டு இருக்கு. நல்லாத்தான் கேக்குது. ஆனா ஒரு நாளாவது, 'எங்க வீட்டுலயும் இதே கூத்துதான்'னு சொன்னதில்ல. அதுக்கு ஏது வீடு? நான் பேசலைன்னா பொண்ணுக்கு உம்முனு மூஞ்சி போயிடும். அவ பதறுவா. இந்த அம்மாதான் வழி சொன்னாங்க."

டெலிபோன் அம்மா கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "முப்பது வருஷம் எக்ஸ்சேஞ்சுல அதானே பண்ணேன்? ரெண்டு லைனை இணைச்சுட்டு நாம காதை எடுத்துடணும். என் பையனுக்கும் சிரிச்ச மூஞ்சிதான் போகுது. அவனும் நிம்மதியா இருக்கான்."

"ஆனா உங்க பொண்ண ஏமாத்தறது..." என்று மேடம் தொடங்கினார்.

"யாரு யாரை ஏமாத்தறா?" லிப்ட்காரர் குரல் முதல்முறையாகத் தடுமாறியது. "தினம் காலையில எட்டு மணிக்குப் பெட்டியில என் பொண்ணு குரல் வரும். 'குட்மார்னிங்பா, நல்லாத் தூங்கினீங்களா?' அதுக்காக ஏழரைக்கே சவரம் பண்ணிட்டு உட்கார்ந்திருப்பேன். ரெண்டு மாசம் முன்னாடி அவளுக்கே கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினாங்க. மாப்பிள்ளை போன் பண்ணி, வாயில பஞ்சு வச்சிருக்காங்க, மூணு நாளைக்குப் பேச முடியாதுன்னார். மறுநாள் எட்டு மணிக்குப் பெட்டி மணியாட்டம் பேசுது. 'குட்மார்னிங்பா.'"

பக்கத்து வரிசைகளில் இருந்தவர்கள் இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள்.

"ஒரு தடவை பதிவு பண்ணி வச்சிருக்கா. அவ பெட்டிய வச்சுக் கேக்கறா. நான் பெட்டிய வச்சுப் பதில் சொல்றேன். இதுல யாரு மேல என்ன தப்பு?"

இருபத்தாறு வருடத்தில் இப்படி ஒரு காப்பியை மேடம் பிடித்ததில்லை. எழுதியவரும் திருத்தியவரும் பரீட்சை ஹாலிலேயே இல்லை.

"அப்பா!"

வாசலில் பல் டாக்டர் நின்றுகொண்டிருந்தாள். வேர்த்துக் கொட்டியது. பின்னால் வேன் டிரைவர் கையில் கயிற்றோடு. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று வாலுக்குத் தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் பல்லைப் பிடுங்கிய கதையையும் கேட்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

"அந்தப் பொம்பளை யாரு?" என்று கேட்டாள், வந்த வேகம் தீராமல்.

"நான்தாம்மா," என்றார் டெலிபோன் அம்மா. "ஆனா அங்க பேசறது நானில்ல."

"உக்காந்து பேசும்மா," என்றாள் குழந்தைக்காரி.

"வேலை ஜாஸ்திப்பா," மகள் அப்பாவிடம் சொன்னாள். குரல் இறங்கியிருந்தது. "ஒரு நாள் விட்டுப்போனா நீங்க ஏங்கிப்போவீங்கன்னுதான் பதிவு பண்ணி வச்சேன். அப்புறம் தினமும் அதுவே போக ஆரம்பிச்சிடுச்சு. சிரிச்ச மூஞ்சி வந்துட்டே இருந்துச்சா, நீங்க நல்லா இருக்கீங்கன்னு..."

"பெத்த மனம் பித்து," என்று யாரோ ஆரம்பிக்க, டெலிபோன் அம்மா கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்தே முறைத்தார். பழமொழி பாதியில் நின்றது.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி. வேன் நிக்குது. கிளம்புங்கப்பா. இனிமே எங்க வீட்டுலயே இருங்க."

"நீ கேக்கறியா, சொல்றியா?"

அவள் திறந்த வாயை மூடினாள். டிரைவர் கயிற்றை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"கேக்கறேன்," என்றாள் மெல்ல. "வர்றீங்களாப்பா?"

"வரல."

ஏழு மாதத்தில் அப்பாவிடமிருந்து அவளுக்கு நேரில் கிடைத்த முதல் பதில் அது. அதோடு ஒரு மஞ்சள் மூஞ்சியும் வரவில்லை. அவர் கோபமாக இருக்கிறாரா, வருத்தமாக இருக்கிறாரா, ஒன்றும் தெரியவில்லை. அவளே பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பார்த்துக்கொண்டே நின்றாள். அப்பா இளைத்திருப்பது அப்போதுதான் தெரிந்தது. அவளுக்கு வலித்தது.

"ஏன்பா வரல?"

"அதைச் சொல்ல நேரமாகும்."

மகள் திரும்பி டிரைவரிடம் போகச் சொல்லிக் கையசைத்தாள். பிறகு வாசலுக்கு நடந்தாள். லிப்ட்காரர் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். போகிறாள் என்றுதான் வாலும் நினைத்தான்.

அவள் மெஷினில் பட்டனை அழுத்தினாள். வந்த சீட்டைக் கிழித்துக்கொண்டு திரும்பி வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் அதை வாங்கி எட்டப் பிடித்து எண்ணைப் படித்தார். நூற்றுத் தொண்ணூற்று ஆறு. போர்டைப் பார்த்தார். நூற்றுப் பதினேழு.

"நல்ல நம்பர்," என்றார்.